1440பி 165 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு? 8 ஜிபி போதுமா, 550 வாட் தாங்குமா?

#1 திரைமீன்

இப்போ இருக்கிற செட்டப்: கோர் ஐ5 10400, பி460 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1650 4 ஜிபி, 550 வாட் பவர் சப்ளை, 24 அங்குல 1080பி 60 ஹெர்ட்ஸ் மானிட்டர்.

27 அங்குலம், 2560×1440, 165 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு மாறணும். கார்டையும் மாத்தணும். பட்டியல்ல நாலு இருக்கு: ஆர்டிஎக்ஸ் 4060 8 ஜிபி, ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ 16 ஜிபி, ஆர்எக்ஸ் 7700 எக்ஸ்டி 12 ஜிபி, ஆர்எக்ஸ் 7800 எக்ஸ்டி 16 ஜிபி.

கேள்விகள்:
1. 1440பி-க்கு 8 ஜிபி வீரேம் (கார்டோட சொந்த நினைவகம்) போதுமா?
2. என் போர்டுல கார்டு உக்கார்ற ஸ்லாட் பிசிஐஇ 3.0 தான். 4.0 கார்டு போட்டா வேகம் போயிடுமா?
3. 550 வாட் தாங்குமா?
4. மானிட்டர்ல எச்டிஎம்ஐ 2.0, டிஸ்ப்ளேபோர்ட் 1.4 ரெண்டும் இருக்கு. எதுல சொருகணும்?

கேம்களோட தேவைப் பட்டியல்ல "பரிந்துரை: ஆர்டிஎக்ஸ் 3060"னு மட்டும் போட்டிருக்கான். எந்த ரெசல்யூஷனுக்குன்னு பாதி இடத்துல சொல்றதே இல்ல. அதை எப்படிப் படிக்கிறது?

#2 கேபிள்காரன்

நாலாவது கேள்வி சுலபம், அதை முதல்ல முடிச்சிடலாம். டிஸ்ப்ளேபோர்ட்ல சொருகுங்க.

கணக்கு இது. 2560×1440 = 36,86,400 பிக்சல். நொடிக்கு 165 தடவை, பிக்சலுக்கு 24 பிட். பெருக்கினா 14.6 ஜிகாபிட். இதோட வரிசைகளுக்கு நடுவுல வர்ற வெற்று நேரத்தையும் சேர்த்தா சுமார் 16.3. எச்டிஎம்ஐ 2.0 பெட்டியில 18 ஜிகாபிட்னு போட்டிருப்பாங்க, ஆனா அதுல குறியீட்டுச் செலவு போக உண்மையான தரவுக்கு மிஞ்சுறது 14.4 தான். 144 ஹெர்ட்ஸ்னா சுமார் 14.1, நூலிழையில உள்ளே வந்துடும். 165 வராது. "எச்டிஎம்ஐ-ல போட்டேன், 144-க்கு மேல லிஸ்ட்லயே காட்டல"னு கேக்குறவங்க பல பேருக்கு இதுதான் காரணம், கார்டுல கோளாறு இல்ல.

டிஸ்ப்ளேபோர்ட் 1.2-ல தரவுக்கு 17.28, 1.4-ல 25.92. உங்க மானிட்டருக்கு 8 பிட்ல (மூணு நிறத்துக்கும் சேத்து 24) 1.2 கூடப் போதும். 10 பிட் நிறம் வேணும்னா 20.4 ஆகுது, அப்போ 1.4 கட்டாயம்.

இன்னொண்ணு. உங்க ஜிடிஎக்ஸ் 1650-லயே டிஸ்ப்ளேபோர்ட் இருந்தா அது 1.4 தான். அதாவது டெஸ்க்டாப், பிரவுசர், வீடியோ எல்லாம் 1440பி 165-ல இந்தக் கார்டுலயே ஓடும். படத்தை வெளியே அனுப்புற திறன் வேற, கேம் ஃபிரேமை வரையுற திறன் வேற. கார்டு பெட்டியில "8கே ஆதரவு"னு போட்டிருக்கறது முதல் வகை. அதைப் பாத்து யாரும் ஏமாற வேண்டாம்.

அதனால மானிட்டரை முதல்ல வாங்குங்க. கார்டை நிதானமா முடிவு பண்ணலாம்.

#3 நிழல்நிரல்

தேவைப் பட்டியலைப் படிக்கும் முறையைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் பிக்சல் எண்ணிக்கையை மனதில் வையுங்கள். 1080பி என்பது 20.7 லட்சம். 1440பி 36.9 லட்சம், அதாவது 1.78 மடங்கு. அகலத்திரை 3440×1440 சுமார் 49.5 லட்சம். 4கே 82.9 லட்சம், 1080பி-யைப் போல் சரியாக 4 மடங்கு. ஆனால் பிக்சல் 1.78 மடங்கு ஆனால் ஃபிரேமும் 1.78 மடங்கு குறையும் என்று பயப்பட வேண்டாம். ஒரு ஃபிரேமில் பிக்சலைச் சாராத வேலையும் இருக்கிறது: முக்கோணங்களைச் செயலாக்குவது, நிழல் வரைபடம், சிபியு கட்டளைகளைத் தயாரிப்பது. 1080பி-யிலிருந்து 1440பி போனால் வழக்கமாக 25 முதல் 35 சதவீதம் ஃபிரேம் குறையும். 1440பி-யிலிருந்து 4கே போனால் ஏறக்குறைய பாதி.

பட்டியலில் ரெசல்யூஷன் எழுதப்படாவிட்டால், "குறைந்தபட்சம்" என்ற வரியை 1080பி, தாழ்ந்த அமைப்பு, 30 ஃபிரேம் என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. "பரிந்துரை" என்பது பெரும்பாலும் 1080பி 60. 1440பி என்று எழுதியிருந்தாலும் அடிக்குறிப்பைப் பாருங்கள். "தர நிலையில் அப்ஸ்கேலிங்" (சிறிதாக வரைந்து பெரிதாக்குவது) என்று பொடி எழுத்தில் இருக்கும். என்விடியாவின் டிஎல்எஸ்எஸ், ஏஎம்டி-யின் எஃப்எஸ்ஆர் இரண்டிலும் "குவாலிட்டி" நிலை என்றால் ஒவ்வொரு பக்கமும் மூன்றில் இரண்டு பங்கு. 1440பி என்று சொல்லிக்கொண்டு கார்டு உண்மையில் வரைவது சுமார் 1707×960. "பெர்ஃபார்மன்ஸ்" என்றால் பக்கத்துக்குப் பாதி: 4கே திரையில் 1920×1080 தான் வரையப்படுகிறது. "4கே-க்கு இந்தக் கார்டு போதும்" என்று பட்டியல் சொல்லும்போது பல நேரம் கதை இதுதான்.

ஃபிரேம் ஜெனரேஷனைச் சேர்த்துக் காட்டும் எண்ணைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். இரண்டு உண்மை ஃபிரேம்களுக்கு நடுவே ஒன்றைச் செருகுவதால் கண்ணுக்கு வழவழப்பாக இருக்கும், கைக்கு இருக்காது. அடிப்படை ஃபிரேம் 60-ஐ ஒட்டி இல்லாதபோது அதைப் போட்டால் மவுஸ் சேற்றில் நகர்வது போல் தோன்றும்.

கடைசியாக, பட்டியலில் கார்டின் பெயரை மட்டும் பார்த்து "என்னுடையது அதைவிட வலுவானது" என்று முடிவு செய்யக் கூடாது. ஜிடிஎக்ஸ் 1080 டிஐ-யில் 11 ஜிபி வீரேம் உண்டு, அந்தக் காலத்து மகாராஜா. ஆனால் அதில் ரே டிரேசிங் (ஒளிக்கதிரைப் பின்தொடர்ந்து வரைவது) வன்பொருளும் இல்லை, மெஷ் ஷேடரும் (முக்கோணங்களைச் செயலாக்கும் புது முறை) இல்லை. இவற்றைக் கட்டாயமாகக் கேட்கும் கேம்கள் வரத் தொடங்கிவிட்டன. அங்கே 11 ஜிபி ஒன்றும் செய்ய முடியாது. இந்த வசதிகளைக் குறிக்கும் "டைரக்ட்எக்ஸ் 12 அல்டிமேட்" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் பட்டியலிட்ட நான்கிலும் அது உண்டு.

#4 அளவோடுபோதும்

8 ஜிபி போதாதுன்னு இப்ப எல்லாரும் வந்து குதிப்பாங்க, அதுக்கு முன்னாடி சொல்லிடுறேன். டெக்ஸ்சர் ஸ்லைடரை "அல்ட்ரா"லேர்ந்து "ஹை"க்கு ஒரு படி இறக்கினா பெரும்பாலான கேம்ல 1440பி 8 ஜிபிக்குள்ள அடங்கிடும். கண்ணுக்கு வித்தியாசமும் தெரியாது. ஃபிரேம் பஃபர்னு பாத்தா 4கே படமே பிக்சலுக்கு 4 பைட் வீதம் 33 எம்பி தான். ரெசல்யூஷன் ஏறினா வீரேம் எகிறும்னு சொல்றது மிகை.

4060 வெறும் 115 வாட். இருக்கிற பவர் சப்ளையிலேயே ஓடும். அதுல மிச்சமாகுற காசுல நல்ல மானிட்டர் வாங்கலாம்.

#5 நிழல்நிரல்

33 எம்பி கணக்கு சரி. ஆனால் நவீன கேம் ஒரே ஒரு படத்தை வைத்துக்கொள்வதில்லை. நிறம், ஆழம், மேற்பரப்பின் திசை, நகர்வு என்று திரை அளவிலேயே பல பஃபர்கள், முந்தைய ஃபிரேமின் நகல்கள், எல்லாம் சேர்ந்து சில நூறு எம்பி. 1080பி-யிலிருந்து 4கே போனால் இந்தப் பகுதி மட்டும் நாலு மடங்காகும். டெக்ஸ்சரும் ரே டிரேசிங்குக்கான தரவுக் கட்டமைப்பும் அதற்கு மேல். ஆகவே நீங்கள் சொல்வது பாதி உண்மை: வீரேமைத் தின்பது ரெசல்யூஷனைவிட டெக்ஸ்சரும் ரே டிரேசிங்கும்தான்.

என் மறுப்பு வேறு இடத்தில். வீரேம் நிறைந்தால் கேம் நின்றுவிடாது. டிரைவர் மிச்சத்தைச் சாதாரண ரேமில் கொண்டுபோய் வைக்கும். அங்கிருந்து பிசிஐஇ வழியாக இழுக்க வேண்டும். திரைமீனின் இரண்டாவது கேள்வி இங்கேதான் வந்து முட்டுகிறது.

ஆர்டிஎக்ஸ் 4060, 4060 டிஐ இரண்டும் நீளமான ஸ்லாட்டில் அமர்ந்தாலும் 8 லேன் (தரவுப் பாதை) மட்டுமே பயன்படுத்துபவை. 4.0 போர்டில் 8 லேன் என்றால் நொடிக்குச் சுமார் 15.8 ஜிகாபைட். உங்கள் 3.0 போர்டில் அதே 8 லேன் 7.9 ஜிகாபைட். கார்டின் சொந்த நினைவகம் 4060-இல் 272 ஜிகாபைட் வேகம். எல்லாம் வீரேமுக்குள் இருக்கும்வரை 7.9-ஆ 15.8-ஆ என்பது சில சதவீத வித்தியாசம்தான், கவலையில்லை. ஒரு ஜிபி வழிந்து வெளியே போனால், 272-இல் படிக்க வேண்டியதை 7.9-இல் படிக்கிறீர்கள். சராசரி ஃபிரேம் 70 என்றே காட்டும், ஆனால் திரும்பும்போதெல்லாம் ஒரு வெட்டு. அதனால்தான் 8 ஜிபி, 8 லேன், 3.0 போர்டு மூன்றும் ஒன்றாகச் சேரக் கூடாது என்கிறேன். தனித்தனியாக ஒவ்வொன்றும் தாங்கக்கூடியவை.

இதன் உச்சகட்ட எடுத்துக்காட்டு ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. 4 ஜிபி, 4 லேன். 3.0 போர்டில் அதைப் போட்டவர்கள் பட்ட பாடு ஊரறிந்தது.

ஆர்எக்ஸ் 7700 எக்ஸ்டி, 7800 எக்ஸ்டி இரண்டும் 16 லேன். உங்கள் போர்டிலும் 15.8 கிடைக்கும்.

#6 அளவோடுபோதும்

சரி, 3.0 போர்டு விஷயத்துல ஒத்துக்குறேன். ஆனா 4060 டிஐ 16 ஜிபி மட்டும் என்ன உசத்தி? வீரேமுக்குப் போற வழி அதே 128 பிட் பஸ். 16 ஜிபி இருந்து என்ன, குழாய் சின்னது.

#7 நிழல்நிரல்

குழாயின் அளவைக் கணக்கிடலாம். பஸ் அகலத்தை நினைவக வேகத்தால் பெருக்கி 8-ஆல் வகுக்க வேண்டும்.

4060 டிஐ: 128 × 18 ÷ 8 = 288 ஜிகாபைட்.
7700 எக்ஸ்டி: 192 × 18 ÷ 8 = 432.
7800 எக்ஸ்டி: 256 × 19.5 ÷ 8 = 624.

4060 டிஐ-யில் 32 எம்பி எல்2 கேஷ் (சில்லுக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) இருப்பதால் 288 என்பது பழைய கார்டின் 288 அல்ல. அடிக்கடி கேட்பது கேஷிலேயே கிடைத்துவிடும். ஆனால் ரெசல்யூஷன் ஏற ஏறக் கேஷில் அகப்படும் பங்கு குறையும். 1080பி-யில் பறக்கும் அந்தக் கார்டு 4கே-யில் மூச்சு வாங்குவது இதனால். 1440பி நடுவில். வெட்டு விழாது, ஆனால் 7800 எக்ஸ்டி அளவுக்கு ஃபிரேமும் வராது. ஏஎம்டி-க்கும் என்விடியாவுக்கும் நடுவே ஷேடர் (கணக்கிடும் சிறு அலகு) எண்ணிக்கையை ஒப்பிடுவது பயனற்ற வேலை. ஒரே தலைமுறை, ஒரே நிறுவனத்துக்குள் மட்டும் அதற்குப் பொருள் உண்டு.

#8 வாட்மணி

பவர் சப்ளை பத்தி யாரும் தொடல.

ஸ்லாட்டிலிருந்து கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட். 6 பின் கேபிள் 75, 8 பின் 150. உங்க 1650 பெரும்பாலான மாடல்ல ஸ்லாட் மின்சாரத்துலயே ஓடுறது, அதனால உங்க பவர் சப்ளையில 8 பின் பிசிஐஇ கேபிள் இருக்கான்னு இதுவரைக்கும் பாத்திருக்கவே மாட்டீங்க. முதல்ல கேஸைத் திறந்து பாருங்க. 6+2-ன்னு பிரிஞ்சு வர்றதுதான் அது. சிபியு-க்குப் போற 8 பின் 4+4-ஆப் பிரியும். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், ஆனா ரெண்டுலயும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். இதை அதுல அழுத்தித் திணிச்சா புகைதான்.

அடுத்து பக்கவாட்டு லேபிள். மேலே பெருசா 550 வாட்னு இருக்கறதை விடுங்க. அட்டவணையில +12வி வரிசையில எத்தனை ஆம்பியர்னு பாருங்க. 45 ஆம்பியர்னா 45 × 12 = 540 வாட், நல்ல யூனிட். 32-ன்னு இருந்தா 384 வாட்தான் உங்களுக்குக் கிடைக்கும், மிச்சம் 3.3, 5 வோல்ட்ல கணக்குக் காட்டியிருக்கான். இந்தக் காலத்து கார்டும் சிபியு-வும் 12 வோல்ட்டை மட்டும்தான் இழுக்கும்.

கூட்டல்: 10400 சராசரி 65 வாட், குறைஞ்ச நேரத்துக்கு 134 வரைக்கும் ஏறும். போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் 50-60. 4060 டிஐ 16 ஜிபி 165 வாட். மொத்தம் 360-க்குள்ள. 540 வாட் 12 வோல்ட்ல தாராளமா ஓடும். 7700 எக்ஸ்டி 245, 7800 எக்ஸ்டி 263. கூட்டினா முதலாவது 440-ஐ நெருங்குது, ரெண்டாவது 450-ஐத் தாண்டுது. அதோட கார்டு மில்லிசெகண்டு கணக்குல எழும்பும், அந்த நொடியில சராசரியை விட நிறைய கேக்கும். பழைய யூனிட்டோட பாதுகாப்புச் சுற்று அதைக் கோளாறுன்னு நினைச்சு மொத்தமா அணைச்சிடும். கேம் நடுவுல திரை கறுத்து மெஷின் தானா ரீஸ்டார்ட் ஆச்சுன்னா, டிரைவரைக் குறை சொல்றதுக்கு முன்னாடி இதைச் சந்தேகப்படுங்க. இந்த ரெண்டு கார்டுக்கும் ஏஎம்டி சொல்றது 700 வாட். நானும் அதையே சொல்வேன்.

ரெண்டு 8 பின் கேக்குற கார்டுக்கு ஒரே கேபிளோட வால்ல தொங்குற ரெண்டு முனையைச் சொருகாம, பவர் சப்ளையிலிருந்து தனித்தனியா ரெண்டு கேபிள் இழுங்க. மாடுலர் யூனிட்னா அதோட வந்த கேபிளை மட்டும் போடுங்க. வேற யூனிட்டோட கேபிள் சொருகுறதுக்கு ஒத்துப்போகும், பின் வரிசை ஒத்துப்போகணும்னு சட்டம் இல்ல.

அப்புறம் ஒரு டேப் எடுத்து, கேஸ்ல பின்பக்கத் தகட்டிலிருந்து முன் ஃபேன் வரைக்கும் அளந்து வைங்க. கார்டு நீளம் தெரியாம வாங்கிட்டு ஹார்ட் டிஸ்க் கூண்டை அறுத்த கதையெல்லாம் இருக்கு.

#9 திரைமீன்

லேபிள்ல +12வி 45 ஆம்பியர். 6+2 கேபிள் ஒண்ணுதான் இருக்கு, அதுல ரெண்டு முனை.

இன்னொரு சந்தேகம். 10400 இந்தக் கார்டுகளுக்குத் தடையாகுமா? "பாட்டில்நெக் கால்குலேட்டர்"னு ஒரு தளத்துல போட்டா 23 சதவீதம்னு சொல்லுது.

#10 நிழல்நிரல்

அந்தக் கால்குலேட்டர்களை மறந்துவிடுங்கள். தடை எங்கே என்பது கேமுக்குக் கேம் மாறும், ஒரே கேமில் தெருவுக்குத் தெருவே மாறும். ஒரு சதவீத எண்ணுக்குள் அடைக்க முடியாது.

உங்கள் கையில் இருக்கும் 1650-ஐ வைத்தே, புதுக் கார்டு வாங்காமலே, அளந்துவிடலாம்.

கேமில் ரெசல்யூஷனை 1280×720-க்கு இறக்குங்கள். டெக்ஸ்சர், பிரதிபலிப்பு, ஆம்பியன்ட் ஆக்லூஷன் போன்றவை எல்லாம் தாழ்ந்த நிலையில். ஆனால் பார்வைத் தூரம், கூட்டத்தின் அடர்த்தி இரண்டையும் நீங்கள் விளையாட விரும்பும் நிலையிலேயே விடுங்கள், அவை சிபியு-வின் சுமை. வி-சிங்கும் (ஃபிரேமைத் திரையின் ஹெர்ட்ஸோடு பூட்டுவது) ஃபிரேம் வரம்பும் அணைத்திருக்க வேண்டும். நெரிசலான இடத்தில் ஒரு நிமிடம் ஓடுங்கள். கார்டின் பயன்பாடு 90 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், அப்போது தெரியும் ஃபிரேம்தான் உங்கள் சிபியு-வின் கூரை. எந்தக் கார்டு போட்டாலும் அந்தக் கேமில் அதைத் தாண்டாது. கார்டு இன்னும் 97, 98-இல் நின்றால் ரெசல்யூஷன் ஸ்கேலை 50 சதவீதத்துக்கு இறக்கி மறுபடி பாருங்கள்.

இன்டெலின் பிரசென்ட்மான் இலவசம்; ஃபிரேம் நேரத்தையும் 1 சதவீதத் தாழ்வையும் (மிக மெதுவான 1 சதவீத ஃபிரேம்களின் வேகம்) காட்டும். சராசரியை மட்டும் எழுதாதீர்கள், அந்த 1 சதவீதத்தையும் எழுதுங்கள்.

டாஸ்க் மேனேஜரில் ரேம் ஒற்றைக் குச்சியா இரட்டையா என்றும் பாருங்கள். ஒரே 16 ஜிபி குச்சியாக இருந்தால் நினைவக வேகம் பாதிதான். பி460-இல் உங்கள் 10400-ஓடு 2666-க்கு மேல் ஏறாது, ஆகவே இரண்டு சேனல் உங்களுக்கு ரொம்ப முக்கியம்.

#11 மங்கல்திரை

இழைக்கு நடுவே ஒரு சந்தேகம், மன்னிக்கவும். 4060 கார்டு, 4கே டிவி-யில் எச்டிஎம்ஐ. படம், கேம் எல்லாம் நன்றாகத் தெரிகிறது. எழுத்து மட்டும் ஓரம் அழுகினது போல் இருக்கிறது, குறிப்பாகச் சிவப்பு எழுத்து. விண்டோஸ் 3840×2160, 60 ஹெர்ட்ஸ் என்றுதான் காட்டுகிறது. அதோடு லேப்டாப்பை யுஎஸ்பி-சி டாக் வழியாக அதே டிவி-யில் போட்டால் 30 ஹெர்ட்ஸ் மட்டும் வருகிறது.

#12 கேபிள்காரன்

ரெண்டும் அலைவரிசைக் கோளாறுதான் (கேபிள்ல போகக்கூடிய தரவு அளவு), வேற வேற முகம்.

எழுத்து: உங்க டிவி நிறத்தைக் குறைச்சு வாங்குது. 4:2:0-ன்னு சொல்றது இதைத்தான். வெளிச்சத்துக்கு ஒவ்வொரு பிக்சலுக்கும் தகவல் வரும், நிறத்துக்கு 2×2 கட்டத்துக்கு ஒண்ணுதான். கறுப்புப் பின்னணியில ஒரு பிக்சல் அகலத்துல சிவப்புக் கோடு போட்டுப் பாருங்க. பக்கத்துக் கறுப்பு பிக்சலோட கலந்து, கோடு மங்கி ரெண்டு பிக்சலுக்குப் பரவும். வெள்ளை எழுத்து ஓரளவு தப்பிக்கும், ஏன்னா அது வெளிச்சத்துலயே தெரியுது. அதனாலதான் சிவப்பும் நீலமும் முதல்ல அழுகும். வீடியோ ஏற்கெனவே 4:2:0-ல சேமிக்கப்பட்டதுதான், அதனால படத்துல குறை தெரியாது.

செய்ய வேண்டியது: டிவி அமைப்புல அந்த எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு உரிய முழு அலைவரிசையைத் திறங்க. "யுஎச்டி டீப் கலர்", "என்ஹான்ஸ்டு", "இன்புட் சிக்னல் பிளஸ்"னு நிறுவனத்துக்கு ஒரு பேரு வச்சிருப்பான். பிறகு அந்த இன்புட்டோட வகையை "பிசி"னு மாத்துங்க. பல டிவி-யில இது இல்லாம 4:4:4 (நிறம் குறையாதது) உள்ளே வந்தாலும் டிவியே உள்ளே குறைச்சிடும். என்விடியா கன்ட்ரோல் பேனல்ல நிறம் ஆர்ஜிபி, 8 பிட், டைனமிக் ரேஞ்ச் ஃபுல். ஷார்ப்னஸ் குறைங்க, ஓவர்ஸ்கேன் அணைங்க.

டிவி போர்ட் 2.0-ன்னா 4கே 60-ல 10 பிட் ஆர்ஜிபி போகாது. 8 பிட்டுக்கே 14.26 ஜிகாபிட், கூரை 14.4. எச்டிஆர் போட்டா திரும்பவும் 4:2:2-க்கு இறங்கும், அப்போ எழுத்து மறுபடி மங்கும். வேலைக்கு எச்டிஆர் அணைச்சு வைங்க.

டாக்: யுஎஸ்பி-சி-ல நாலு ஜோடிக் கம்பி. டாக்குல யுஎஸ்பி 3 வேகமும் வேணும்னா ரெண்டு ஜோடி அதுக்குப் போயிடும், படத்துக்கு ரெண்டுதான் மிச்சம். லேப்டாப்போ டாக்கோ டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேகம்னா ரெண்டு ஜோடியில 8.64 ஜிகாபிட். 4கே 60-க்குக் குறைஞ்சது 12.5 வேணும். பத்தாது, 30-க்கு விழுந்துடுது. ரெண்டு பக்கமும் 1.4 வேகம்னா 12.96, கரெக்டா உள்ளே வரும். சில டாக்குல யுஎஸ்பி-யை 2.0 வேகத்துக்கு இறக்கி நாலு ஜோடியையும் படத்துக்கே கொடுக்குற சுவிட்ச் இருக்கும், தேடிப் பாருங்க. டாக்கோட எச்டிஎம்ஐ 1.4-ன்னா இது எதுவும் பலிக்காது, அதோட கூரையே 4கே 30.

#13 மங்கல்திரை

"இன்புட் சிக்னல் பிளஸ்" அணைந்து கிடந்தது. போட்டதும், பிசி என்று மாற்றியதும் எழுத்து தெளிந்துவிட்டது. டாக்கில் சுவிட்ச் இல்லை, எச்டிஎம்ஐ 1.4 என்று எழுதியிருக்கிறது. நன்றி.

#14 திரைமீன்

அளந்துட்டேன். ரேம் 2×8, இரட்டைச் சேனல்.

நகரத்துல சுத்துற திறந்தவெளி கேம்: 720பி, சராசரி 84, 1 சதவீதத் தாழ்வு 61, கார்டு 66 சதவீதம்.
போட்டி கேம்: சராசரி 192, தாழ்வு 128, கார்டு 81 சதவீதம்.

இதை வச்சு என்ன முடிவு?

#15 நிழல்நிரல்

தெளிவான எண்கள். திறந்தவெளி கேமில் உங்கள் கூரை 84. 165 ஹெர்ட்ஸை நிரப்பும் கார்டைத் தேடி அலைய வேண்டாம், அது சிபியு மாறினால்தான் நடக்கும். ரே டிரேசிங் போட்டால் சிபியு வேலை கூடி அந்த 84-உம் கொஞ்சம் இறங்கும். 1440பி-யில் 70-80 தரும் கார்டு போதும். போட்டி கேமில் அமைப்புகளைத் தாழ்த்தி 165-ஐத் தொடலாம், நான்கு கார்டிலும்.

பவர் சப்ளையை மாற்றத் தயார் என்றால் 7800 எக்ஸ்டி. அடுத்து சிபியு, போர்டு மாற்றும்போது அது கூடவே வரும். பவர் சப்ளையைத் தொட விருப்பமில்லை என்றால் 4060 டிஐ 16 ஜிபி. 84 கூரைக்கு டிஎல்எஸ்எஸ் குவாலிட்டியோடு அது போதும். எஃப்எஸ்ஆர் 2, 3 இரண்டையும்விட 1440பி-யில் டிஎல்எஸ்எஸ் படம் சுத்தம் என்பது என் கண்ணின் தீர்ப்பு. 7700 எக்ஸ்டி-க்கும் 700 வாட் கேட்கிறார்கள், அப்படியிருக்க 12 ஜிபி-யோடு நிற்பதில் எனக்கு லாபம் தெரியவில்லை.

போர்டின் பயாஸில் ரீசைஸபிள் பார் (சிபியு மொத்த வீரேமையும் ஒரே வீச்சில் அணுக விடுவது) இருந்தால் போடுங்கள். 400 வரிசை போர்டுகளில் பலவற்றுக்கு அப்டேட்டில் வந்தது. சிஎஸ்எம் (பழைய பூட் முறை) அணைத்து "அபவ் 4ஜி டீகோடிங்" இயக்கினால்தான் தெரியும். விண்டோஸ் பழைய எம்பிஆர் முறையில் நிறுவியிருந்தால் சிஎஸ்எம்-ஐ அணைத்ததும் பூட் ஆகாது, முதலில் டிஸ்கை ஜிபிடி-க்கு மாற்றுங்கள். ரீசைஸபிள் பார் இல்லாத போர்டில் இன்டெல் ஆர்க் கார்டை மட்டும் வாங்காதீர்கள்.

#16 அளவோடுபோதும்

84-தான் கூரைன்னா நானும் 4060 டிஐ 16 ஜிபி பக்கம் வந்துடுறேன். 7800 எக்ஸ்டி வாங்கி அதுல பாதியைச் சும்மா உக்கார வைக்கிறதுல அர்த்தம் இல்ல.

#17 திரைமீன்

4060 டிஐ 16 ஜிபி-ன்னு முடிவு பண்ணிட்டேன். சிபியு அடுத்த வருஷம்.

கடைசியா ஒண்ணு: கனமான கேமை மட்டும் 1440பி மானிட்டர்ல 1080பி-ல ஓட்டினா எப்படி இருக்கும்?

#18 கேபிள்காரன்

மங்கலா இருக்கும். 1440-ஐ 1080-ஆல வகுத்தா 1.33. ஒரு பிக்சலை ஒண்ணே கால் சொச்சம் பிக்சல்ல வரைய முடியாது, பக்கத்துலதோட கலக்கும். 720பி-ன்னா சரியா ரெண்டு மடங்கு, இன்டிஜர் ஸ்கேலிங் (முழு எண் மடங்குல பெருசாக்குறது) போட்டா கட்டம் கட்டமா ஆனா கூர்மையா வரும். பழைய பிக்சல் கேமுக்கு அது அழகு. கனமான கேமுக்கு விண்டோஸ் ரெசல்யூஷனைத் தொடாதீங்க. 1440பி-லயே வச்சு கேமுக்குள்ள டிஎல்எஸ்எஸ் போடுங்க. மெனு, எழுத்து எல்லாம் முழு ரெசல்யூஷன்ல இருக்கும், உள்ளே காட்சி மட்டும் குறையும்.

மானிட்டர் வந்ததும்: கேபிள் கார்டோட போர்ட்ல போகணும், மதர்போர்டு போர்ட்ல இல்ல. விண்டோஸ் தானா 60-ல விட்டிருக்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேனு போய் 165 ஆக்குங்க. அங்கேயே டெஸ்க்டாப் மோடு, ஆக்டிவ் சிக்னல் மோடுன்னு ரெண்டு வரி இருக்கும். ரெண்டுலயும் 2560×1440 இருக்கணும். வேற வேறயா இருந்தா நடுவுல எங்கேயோ ஸ்கேலிங் நடக்குது.

#19 திரைமீன்

கேபிள் பெட்டியோட வர்றதே போதும்ல?

#20 கேபிள்காரன்

போதும். தனியா வாங்கினா 2 மீட்டருக்கு மேல போகாதீங்க, வெசா (டிஸ்ப்ளேபோர்ட் தரத்தை வகுக்குற அமைப்பு) சான்றுள்ளதா பாருங்க. மலிவு கேபிள் சிலதுல 20-வது பின்னையும் இணைச்சிருப்பாங்க. அது மின்சாரத்துக்கானது, சாதாரண கேபிள்ல இணைக்கவே கூடாது. இணைச்சா மானிட்டர்லேர்ந்து கார்டுக்கு மின்சாரம் பின்னோக்கிப் பாயும். கம்ப்யூட்டரை அணைச்சும் ஃபேன் லேசா துடிக்கிறது, மறுபடி ஆன் பண்ணா திரை வராம இருக்கிறது, இதெல்லாம் அப்படித்தான் வரும். அந்த மாதிரி ஏதாவது பாத்தீங்கன்னா கேபிளை மாத்துங்க, கார்டைத் திருப்பி அனுப்பிடாதீங்க.